மேசையைப் படமெடுத்தது போதும், மேசை செய்த கையைப் படமெடுங்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளை மரவேலை வகுப்புக்கு அனுப்புகிற பெற்றோர், அதிபர்மார், பழைய மாணவர்கள், ஊரில் பட்டறை வைத்திருக்கிற ஓடாவிமார் எல்லோரும் கடைசி வரை வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்.

இதில் "நாங்கள்" என்று எழுதுவது, கல்வியியற் கல்லூரியில் படித்து வெளியேறி இந்தக் கரையில் தொழினுட்பப் பாடம் படிப்பிக்கிற ஆசிரியர்களைத்தான். எங்களில் முஸ்லிம்களும் இருக்கிறோம், தமிழர்களும் இருக்கிறோம். காத்தான்குடியில் பஸ் ஏறி ஆரையம்பதி, கிரான்குளம் தாண்டிக் குருக்கள்மடத்தில் இறங்குகிறவர்களும் உண்டு. அம்பிளாந்துறைப் பக்கமிருந்து பாதையில் வாவியைக் கடந்து வருகிறவர்களும் உண்டு. பஸ்ஸிலும் பாதையிலும் இதைத்தான் பேசிக்கொண்டு வருகிறோம். இனி எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிடுவோம் என்று முடிவெடுத்தோம்.

விடயம் இதுதான். மரவேலை வகுப்புக்குள் ஒரு கமரா வேண்டும். புதிதாக வாங்கத் தேவையில்லை, ஒரு போன் போதும். ஆனால் அது பலகையில் முதல் கோடு கீறுகிற நேரத்தில் வர வேண்டும். வார்னிஷ் காய்ந்து, பூ வைத்து, அதிதி வந்த பிறகு வருகிற கமராவால் பிள்ளைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

இப்போது என்ன நடக்கிறது? கண்காட்சி முடிந்த மறுநாள் முகநூலைத் திறந்து பாருங்கள். பிரதம அதிதிக்கு மாலை போடுகிற படம். நாடா வெட்டுகிற படம். அதிதி ஒரு மேசையைத் தடவிப் பார்க்கிற படம். எல்லோரும் வரிசையாக நிற்கிற படம். மேசை செய்த பிள்ளை எங்கே என்று தேடினால், கடைசி வரிசையில் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி முகம் தெரியும். உளி பிடித்த கை ஒரு படத்திலும் இல்லை. வாள் பிடித்த கை இல்லை. தவறாக வெட்டி ஒதுக்கிய துண்டு இல்லை. ஒரு தவணை முழுக்க நடந்த வேலைக்கு ஒரு சாட்சியும் இல்லை.

அடுத்த கேள்வியைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். அந்த மேசையை யார் செய்தது?

இது ஊரறிந்த இரகசியம். கண்காட்சிக்கு, அல்லது பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்குப் புள்ளி போடுகிற நாளைக்கு, ஒன்றிரண்டு நாள் முன்னதாக ஓட்டோவில் தளபாடம் வந்து இறங்குகிறது. ஓரமெல்லாம் ரவுட்டர் மெசினில் வளைத்து எடுத்திருக்கும். பாடசாலையில் ரவுட்டர் மெசின் இல்லை. இருக்கிற இரண்டு சீவுளியில் ஒன்றுக்கு அலகு மழுங்கிப் போய்க் கிடக்கிறது. ஆனாலும் மேசை வருகிறது, பெயர் ஒட்டப்படுகிறது, புள்ளி விழுகிறது. பெற்றோருக்குப் புள்ளி கிடைத்தது, பாடசாலைக்குப் பெயர் கிடைத்தது, ஓடாவியாருக்குக் கூலி கிடைத்தது, ஆசிரியருக்குக் கரைச்சல் இல்லை. எல்லோருக்கும் இலாபம் போலத் தெரியும்.

நட்டப்பட்டது யார் தெரியுமா? வாப்பாவிடம் காசு கேட்க முடியாமல், வீட்டில் கிடந்த பழைய பலகையை எடுத்து, தன் கையால் அறுத்து, கால் ஒன்று கொஞ்சம் ஆடுகிற சின்ன ஸ்டூல் ஒன்றைச் செய்து வந்த பிள்ளை. மினுங்குகிற மேசைக்குப் பக்கத்தில் அந்த ஸ்டூலை வைக்கவே அது வெட்கப்பட்டது. புள்ளியும் குறைந்தது. உண்மையாக வேலை செய்தவன் தோற்கிறான், காசு கொடுத்தவன் வெல்கிறான் என்று 15 வயதில் ஒரு பிள்ளைக்கு நாங்களே படிப்பித்து விடுகிறோம். பாடத்திட்டத்தில் இல்லாத இந்தப் பாடம்தான் அவனுக்குக் கடைசி வரை நினைவிருக்கும்.

எங்கள் முஸ்லிம் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட சம்பவத்தையும், ஏமாற்றுகிறவரைப் பற்றி அவர்கள் சொன்ன கடுமையான வார்த்தையையும் ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! மேலே காய்ந்தது, உள்ளே ஈரம். கடையில் செய்த மேசையில் பிள்ளையின் பெயரை ஒட்டுவது வேறென்ன? வியாபாரத்தில் கூடாதது படிப்பில் எப்படிக் கூடும்?

சரி, இதற்கும் கமராவுக்கும் என்ன சம்பந்தம்?

மரத்தைத் தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒவ்வொரு பலகையிலும் கணு இருக்கிறது, நார் ஓட்டம் இருக்கிறது. ஒரு பலகையில் இருப்பது போல அச்சொட்டாக இன்னொரு பலகையில் இருக்காது. மனிதனுக்குக் கைரேகை போல மரத்துக்கு அது. பிள்ளை வேலை தொடங்கும் நாளில், சீவாத பலகையில் பென்சிலால் தன் சுட்டெண்ணை எழுதி, பக்கத்தில் அடிமட்டத்தை வைத்து ஒரு படம் எடுத்தால், அந்தக் கணு பதிவாகிவிடும். பாதி வேலையில் ஒரு படம். மூட்டைக் கழற்றி வைத்து ஒரு படம். கடைசியில் முடிந்த ஸ்டூலின் காலில் அதே கணு அதே இடத்தில் நிற்க வேண்டும். இடையில் கடைக்குப் போய் வந்த தளபாடத்துக்கு இந்தச் சங்கிலி இருக்காது. யாரையும் குற்றம் சாட்டத் தேவையில்லை, விசாரணை தேவையில்லை. படங்களை வரிசையாக வைத்தால் அது தானாகப் பேசும்.

ஆனால் கள்ளம் பிடிக்கிறதற்கு மட்டும் கமரா கேட்கிறோம் என்று நினைத்துவிட வேண்டாம். அது பக்கத்தில் வருகிற பலன். பெரிய பலன் படிப்பில் இருக்கிறது.

30, 35 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியர் ஒருவர். ஒரு பிள்ளை வாள் போடுகிறது. அதன் கண் கோட்டில் இருக்கிறது, தன் முழங்கை வெளியே விரிந்து போவது அதற்குத் தெரியாது. "கையை உள்ளுக்கு எடு" என்று ஆசிரியர் பத்துத் தரம் சொல்வார். பிள்ளை எடுத்துவிட்டேன் என்றுதான் நினைக்கும். பக்கத்தில் நிற்கிற பிள்ளை 10 செக்கன் வீடியோ எடுத்துக் காட்டட்டும். "அட, என்ட கை இப்பிடியா போகுது!" என்று அதுவே சிரித்துவிட்டுத் திருத்திக் கொள்ளும். சீவுளி தள்ளுகிறபோது தொடக்கத்தில் முன் கை அழுத்த வேண்டும், முடிவில் பின் கை அழுத்த வேண்டும். இதைக் கரும்பலகையில் எழுதி விளங்கப்படுத்துவது கஷ்டம். போனில் மெதுவாக ஓட விட்டுக் காட்டினால், பலகையின் இரண்டு முனையும் ஏன் தேய்ந்து போகிறது என்று ஒரு நிமிடத்தில் விளங்கும்.

கழுந்தும் பொளியும் எடுக்கிற வேலையைப் பாருங்கள். ஒரு துண்டில் நாக்குப் போல விட்டு, மற்றத் துண்டில் துளை வெட்டிச் செருகுகிற மூட்டு அது. பசை போட்டு இறுக்கிய பிறகு உள்ளே என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. இடைவெளிக்கு மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, மண்கடதாசி போட்டு, வார்னிஷ் அடித்தால் எல்லா மூட்டும் நல்ல மூட்டுத்தான். ஒரு வருடத்தில் கால் ஆடும்போதுதான் உண்மை தெரியும். பசை போடுவதற்கு முன் கழற்றி வைத்து ஒரு படம், பொருத்தி மூலைமட்டம் வைத்து ஒரு படம் எடுத்தால் அந்த உள்விடயம் பதிவாகிறது. பிள்ளை அடுத்த மூட்டை வெட்டும்போது பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். போன மாதம் இருந்த இடைவெளி இந்த மாதம் இல்லை என்று தன் கண்ணால் காணலாம். புள்ளியை விட அந்தச் சந்தோசம் பெரியது.

எங்கள் காலநிலையே ஒரு பாடம். மாரியில், வாடைக்காற்று அடித்து வாவி நிரம்புகிற நாட்களில், பலகை ஈரத்தைக் குடித்து வீங்கும். கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் காய்ந்து சுருங்கும். அதுவும் நாரின் நீளத்துக்கு ஏறக்குறைய ஒன்றும் நடக்காது, குறுக்காகத்தான் கூடிக் குறையும். கதவு மாரியில் இறுகுவதும் கோடையில் இலேசாவதும் அதனால்தான். இதைப் புத்தகத்தில் வாசித்தால் ஒரு வரி. ஒரே மேசைப் பலகையின் இணைப்பை மார்கழியிலும் ஆடியிலும் அடிமட்டம் வைத்து இரண்டு படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இந்த மண்ணில் தளபாடம் செய்கிறவன் வாழ்நாளுக்கு மறக்காத பாடம்.

இனி, எங்களுக்கு நேரிலும் வட்ஸ்அப்பிலும் சொல்லப்படுகிற எதிர்ப்புகளுக்கு வருவோம்.

"பாடசாலைக்குள் போன் கூடாது." மாணவர் போன் கொண்டு வரக் கூடாது என்பதை நாங்களும் ஏற்கிறோம். பிள்ளைகளின் பையில் போன் வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. பாடசாலைக்குச் சொந்தமான ஒரு போன், சிம் இல்லாமல், இணையம் இல்லாமல், பூட்டு அலுமாரியில் இருக்கட்டும். வகுப்பு நேரத்தில் ஆசிரியர் எடுத்துக் கொடுப்பார், முடிந்ததும் எண்ணிப் பூட்டுவார். உளியையும் அப்படித்தானே கொடுத்து வாங்குகிறோம்? உளி கையை வெட்டும் என்று வகுப்பை மூடவில்லை, பிடிக்கிற முறையைப் படிப்பித்தோம். இதுவும் ஒரு ஆயுதம். இதற்கும் பிடிக்கிற முறை உண்டு.

இன்னொன்றையும் மறந்துவிட வேண்டாம். 2020 மார்ச் மாதம் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு, இதே போன்தான் வகுப்பறை. போன் இல்லாத பிள்ளை படிப்பில்லாத பிள்ளை ஆனது. கடன் பட்டு போன் வாங்கிக் கொடுத்த உம்மாமாரை நாங்கள் அறிவோம். அப்போது கல்விக் கருவியாக இருந்த பொருள் பாடசாலை திறந்ததும் பாவப் பொருளானது எப்படி?

"படம் எடுப்பது மார்க்கத்தில் கூடாது." இதை மதிப்போடு எடுத்துக் கொள்கிறோம். போன் கமரா பற்றி உலமாக்களுக்கிடையே வேறு வேறு கருத்துகள் இருக்கின்றன. அந்த விவாதத்துக்குள் நாங்கள் நுழையவில்லை. நுழையத் தேவையும் இல்லை. உருவங்கள் செய்து பிழைக்கிற ஒரு மனிதர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்த செய்தி புஹாரியில் இருக்கிறது. எச்சரிக்கையைக் கேட்டு அவர் நடுங்கியபோது, செய்துதான் ஆக வேண்டுமென்றால் மரங்களையும் உயிரில்லாதவற்றையும் செய்யும்படி அவருக்கு வழி காட்டப்பட்டது. நாங்கள் கேட்பது என்ன? மரத்தின் படம். பலகை, மூட்டு, கோடு, கணு. இதில் எந்தப் பிள்ளையின் முகமும் தேவையில்லை.

"பெண் பிள்ளைகளின் படம் வெளியே போகும்." இந்தப் பயம் நியாயமானது. தமிழ்ப் பெற்றோருக்கும் இது உண்டு. இதில் நாங்கள் உங்களை விடக் கடுமையாக நிற்கிறோம். எங்கள் விதி: முகம் வேண்டாம், கை போதும். முழங்கைக்கும் பலகைக்கும் இடையில் இருப்பது மட்டும்தான் படத்தில். அடையாளத்துக்குப் பலகையில் எழுதிய சுட்டெண் இருக்கிறது. உண்மையில், பிள்ளைகளின் முகத்தை இப்போது முகநூலில் போடுகிறவர்கள் யார்? கண்காட்சிப் படம் எடுக்கிற நாங்களும் நீங்களும்தான். பெற்றோரிடம் கேட்காமல் 200 பிள்ளைகளின் முகத்தை உலகத்துக்குக் காட்டுகிறோம், ஒரு பிள்ளையின் கையை அதன் சொந்தக் கோவைக்குள் வைப்பதற்குப் பயப்படுகிறோம். பயத்தை இடம் மாற்றி வைத்திருக்கிறோம்.

"மரவேலை கையால் பழகுவது, படத்தால் பழகுவதில்லை." முழு உண்மை. யூடியூப் பார்த்து எவனும் ஓடாவி ஆனதில்லை. அதனால்தான் படம் பார்க்கச் சொல்லவில்லை, தன் வேலையைத் தானே படம் எடுக்கச் சொல்கிறோம். அதற்கு 80 நிமிடத்தில் 5 நிமிடம் போதும். மீதி 75 நிமிடம் கை மரத்தில்தான்.

"இது வெளிநாட்டுக் கூத்து." வெளிநாட்டில் செய்து பார்த்தார்கள் என்பது உண்மை. இங்கிலாந்தில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் ரிச்சர்ட் கிம்பெல் என்பவரின் தலைமையில் 2004 தொடக்கம் சில வருடங்கள் ஈ-ஸ்கேப் என்ற ஆய்வு நடந்தது. வடிவமைப்பு, தொழினுட்பப் பாட மாணவர்களின் கையில் கமரா உள்ள சிறிய கருவியைக் கொடுத்தார்கள். வேலையின் இடையிடையே, குறித்த நேரங்களில், தங்கள் மாதிரி எந்த நிலையில் நிற்கிறது என்று பிள்ளைகளே படம் எடுத்தார்கள், குறிப்பு எழுதினார்கள், பேசிப் பதிவு செய்தார்கள். முடிந்த பொருளோடு சேர்த்து அது வளர்ந்த கதையையும் பார்த்து மதிப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் அதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவைப்பட்டன. இன்று கண்ணாடி வெடித்த பழைய போன் கூட அந்த வேலையைச் செய்யும்.

மரவேலை பற்றிய எங்கள் எண்ணமே மாற வேண்டும். அது "படிப்பு ஏறாத" பிள்ளைகளுக்கு ஒதுக்கிய மூலை என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது? பின்லாந்தில் 1866 இலேயே கைவேலையைப் பொதுப் பாடசாலைக் கல்வியின் பகுதியாக்கினார்கள். எல்லோரையும் தச்சராக்குவது அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை. கண், கை, பொறுமை, ஒழுங்கு இவற்றைப் பழக்குவதுதான் நோக்கம். எங்கள் நாட்டில் 1972 சீர்திருத்தத்தில் தொழில்முன்னிலைப் பாடங்கள் வந்தன. சில வருடங்களில் ஆட்சி மாறியதோடு அவை போயின. 2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு வந்தது. தரம் 6 முதல் 9 வரை பி.ரி.எஸ். இருக்கிறது, சாதாரண தரத்தில் வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பமும் இருக்கிறது. பெயர்கள் வந்து போகின்றன. வீட்டில் கேட்கிற கேள்வி மட்டும் மாறவில்லை: "மெத்ஸ் எத்தனை? சயன்ஸ் எத்தனை?"

ஸகரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. நூஹ் நபி (அலை) அவர்களின் கப்பலைக் குர்ஆன் சொல்லும்போது பலகைகளையும் ஆணிகளையும் சொல்கிறது. நபிமார் செய்த தொழிலைக் கீழாகப் பார்க்கிற உரிமை எங்களுக்கு யார் தந்தது?

தொழில் என்று வந்தாலும் கணக்குப் பாருங்கள். சாதாரண தரத்தோடு நின்ற எத்தனை பிள்ளைகள் கட்டாருக்கும் சவூதிக்கும் தச்சு வேலைக்குப் போகிறார்கள்! வேலைக்கு எடுக்கிறவன் கேட்பது "என்ன செய்திருக்கிறாய், காட்டு" என்பதுதான். இங்கேயே தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் இருக்கிறது, 7 மட்டங்கள். வகுப்புக்குப் போகாமல் தொழிலைக் கையால் பழகியவர்களுக்கும், முன்கற்றலை அங்கீகரிக்கிற முறையில் அதைப் பெற வழி இருக்கிறது. அங்கேயும் செய்த வேலைக்கு ஆதாரம் வேண்டும். தரம் 10 இலிருந்து தன் வேலையை ஒழுங்காகப் படம் எடுத்து, திகதி போட்டு, அளவு எழுதி வைத்த பிள்ளை அங்கே தலை நிமிர்ந்து போய் உட்காரும். கடை மேசைக்குப் புள்ளி வாங்கிய பிள்ளை சோதனைக்கு உளியைக் கையில் கொடுத்ததும் என்ன செய்யும்?

இன்னொரு இழப்பையும் சொல்ல வேண்டும். வாவியில் ஓடிய மரத் தோணிகளை யார் செய்தார்கள்? எங்கள் ஊர்களில் ஓடாவி என்ற சொல்லே ஓடத்தோடு சேர்ந்து வந்தது. சுனாமிக்குப் பிறகு பைபர் படகுகள் வந்து குவிந்தன. மரத் தோணி குறைந்து போனது. பலகையை எப்படி வளைத்தார்கள், பொருத்தை எப்படி அடைத்தார்கள், எந்த மரத்தை எந்த இடத்துக்கு எடுத்தார்கள் என்பது வயதான சிலரின் கையில் மட்டும் இருக்கிறது. அந்தக் கைகள் மௌத்தாகிக் கொண்டிருக்கின்றன. தமிழ் ஊரிலும் அப்படித்தான், முஸ்லிம் ஊரிலும் அப்படித்தான். தரம் 9 பிள்ளைகள் நாலு பேரை ஒரு ஆசிரியரோடு பட்டறைக்கு அனுப்பி, அந்தப் பெரியவரின் அனுமதியோடு கையையும் கருவியையும் வேலையின் ஒவ்வொரு படியையும் படம் எடுக்க வைத்தால், பாடத்துக்குப் பாடம், ஊருக்கு ஒரு சொத்து. ஓடாவியாருக்கும் அது மரியாதை. இப்போது நாங்கள் அவரிடம் போவது களவாக மேசை செய்விக்க மட்டும்தான். அவரை ஆசானாக நினைத்து எப்போது போனோம்?

செய்ய விரும்புகிற ஆசிரியர்களுக்காக, நாங்கள் பழகிய முறையை எழுதுகிறோம்.

1. ஒரு வேலைக்கு 6 படம். சுட்டெண்ணோடு சீவாத பலகை. கோடு கீறிய பலகை. வெட்டிய துண்டுகள். கழற்றி வைத்த மூட்டு. பசைக்கு முன் மூலைமட்டத்தோடு பொருத்திய மூட்டு. முடிந்த பொருள். பிழைத்த துண்டு இருந்தால் ஏழாவது படம். பிழைத்த படத்துக்குப் புள்ளி குறைக்கக் கூடாது. ஏன் பிழைத்தது என்று இரண்டு வரி எழுதினால் புள்ளி கூட்ட வேண்டும்.

2. ஒவ்வொரு படத்திலும் அடிமட்டம். அளவு தெரியாத படம் வெறும் அழகுப் படம்.

3. பிளாஷ் வேண்டாம். யன்னல் ஓரத்தில், வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி பலகையை வையுங்கள். சீவுளி விட்ட தடமும் மேடு பள்ளமும் அப்போதுதான் தெரியும்.

4. மூட்டுச் சதுரமா என்று காட்டுகிற படத்தை மிகக் கிட்டப் போய் எடுக்க வேண்டாம். போன் கமரா கிட்டத்தில் ஓரங்களை இழுத்து வளைத்துக் காட்டும். கொஞ்சம் தள்ளி நின்று, நேர் மேலே அல்லது நேர் முன்னே பிடித்து எடுங்கள். எடுக்க முன் மரத்தூள் படிந்த கண்ணாடியைத் துடையுங்கள்.

5. உளி பிடிக்கிறவர் போன் தொடக் கூடாது. குழுவுக்கு ஒருவர் படப் பொறுப்பு, கிழமைக்கு ஒருவராக மாறும். மின் இயந்திரம் ஓடும்போது போன் மேசைக்கே வரக் கூடாது.

6. படங்களை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், எடுத்த திகதி, நேர விபரமும் கழன்று போகும். வயர் போட்டுக் கணினிக்கு மாற்றி, சுட்டெண் வாரியாகக் கோவையில் வையுங்கள். தவணை முடிவில் ஒரு ஏ4 தாளில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுக் கொப்பியில் ஒட்டினால், கணினி இல்லாத வீட்டிலும் உம்மா, வாப்பா பார்க்கலாம்.

இதில் எதற்கும் பெரிய நிதி தேவையில்லை. பழைய மாணவர் சங்கங்கள் மேடைக்கும் மாலைக்கும் சாப்பாட்டுக்கும் செலவழிப்பதில் ஒரு பகுதியை ஒதுக்கினால், ஒரு பழைய போனும் நல்ல சீவுளி அலகு இரண்டும் வாங்கலாம். அலகையும் சேர்த்துக் கேட்கிறோம், கவனியுங்கள். மழுங்கிய அலகை எந்தக் கமராவும் கூராக்காது.

அதிபர்மாரிடம் கேட்பது: 6 படம் இல்லாத பொருளுக்குச் செய்முறைப் புள்ளி இல்லை என்று ஒரு முடிவை எடுங்கள். கண்காட்சியில் மேசைக்குப் பக்கத்தில் அந்த 6 படத்தையும் ஒட்டுங்கள். அதிதி முதலில் அதைப் பார்க்கட்டும், பிறகு மேசையைத் தடவட்டும்.

பெற்றோரிடம் கேட்பது: பிள்ளை கோணலாக ஒரு ஸ்டூலைத் தூக்கிக் கொண்டு வந்தால் சிரிக்காதீர்கள். அதன் படங்களைக் கேளுங்கள். "எந்த இடத்தில் பிழைத்தது மகன்?" "இந்த மூட்டை எப்படி மகள் வெட்டினாய்?" என்று கேளுங்கள். கடைக்குப் போய்ச் செய்விப்போம் என்ற எண்ணம் வந்தால், அந்தக் காசுக்கு ஒரு நல்ல கைவாள் வாங்கிக் கொடுங்கள்.

ஓடாவிமாரிடம் கேட்பது: பாடசாலை வேலை என்று யாரும் வந்தால் செய்து கொடுக்காதீர்கள், காட்டிக் கொடுங்கள். ஒரு மணித்தியாலம் பிள்ளையை உங்கள் வேலை மேசைக்குப் பக்கத்தில் நிற்க விடுங்கள். அதற்கான கூலியை அல்லாஹ் தருவான்.

எங்களோடு உடன்படாதவர்களும் எழுதுங்கள். ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு எழுதுங்கள்: உங்கள் பாடசாலைக் கண்காட்சியில் போன முறை முதற்பரிசு பெற்ற தளபாடம் பாதி வேலையில் எப்படி இருந்தது என்று காட்ட ஒரு படம் இருக்கிறதா?

சரி என்று படுகிறவர்கள் உங்கள் ஊர்க் குழுக்களில் பகிருங்கள். அடுத்த தவணை தொடங்க முன் அதிபரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.